எக்செல் கோப்பில் பூட்டு எது, வெறும் திரைச்சீலை எது?

[திரையில்: ஒரு சிறு நிறுவனத்தின் சம்பளப் பட்டியல்]

வணக்கம். இந்தப் பட்டியலைத் தயாரித்தவர் 'புரொடெக்ட் ஷீட்' வசதியில் கடவுச்சொல் கொடுத்திருக்கிறார். ஒரு தொகையைத் திருத்த முயன்றால் எச்சரிக்கை வருகிறது. ஆனால் யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பதைக் கடவுச்சொல் இல்லாமலே நாம் படித்துக்கொண்டிருக்கிறோம்.

[திரையில்: கோப்பின் நகல், பெயரின் கடைசிப் பகுதி 'ஜிப்' என மாற்றப்படுகிறது]

எக்செல் இப்போது சேமிக்கும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் (.xlsx) கோப்பு என்பது உண்மையில் பல சிறு கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஜிப் மூட்டைதான். அதைப் பிரித்து, 'வொர்க்‌ஷீட்ஸ்' கோப்புறைக்குள் இருக்கும் கோப்பை நோட்பேடில் திறந்தால், 'ஷீட்புரொடெக்‌ஷன்' என்று தொடங்கும் ஒரே ஒரு குறியீடு தென்படும். அதை அழித்துவிட்டு மூட்டையைத் திரும்பக் கட்டினால் பாதுகாப்பு போய்விடும். கை தவறிச் சூத்திரங்களை அழித்துவிடாமல் காப்பதற்கென்று வந்த வசதி இது. ரகசியம் காப்பது இதன் வேலையே அல்ல.

தாளை 'ஹைட்' செய்து மறைப்பது இன்னும் பலவீனமானது. 2023 ஆகஸ்டில் வடக்கு அயர்லாந்து காவல்துறை, தகவல் உரிமை மனு ஒன்றுக்குப் பதிலாக அனுப்பிய எக்செல் கோப்பில் மறைக்கப்பட்ட தாள் ஒன்று அப்படியே தங்கிவிட, 9,483 பேரின் குடும்பப் பெயர், பதவி உள்ளிட்ட விவரங்கள் இணையத்தில் வெளியாயின. அதற்காக அந்தத் துறைக்கு 2024இல் 7,50,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. வெளியே போகும் கோப்பில் வேண்டாத தாளை மறைக்கக் கூடாது, நீக்கிவிட வேண்டும்.

[திரையில்: ஃபைல், இன்ஃபோ, புரொடெக்ட் வொர்க்புக், என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட்]

உண்மையான பூட்டு இங்கே இருக்கிறது. கடவுச்சொல்லை இருமுறை தட்டி, கோப்பைச் சேமித்த பின்னரே அது நடைமுறைக்கு வரும். எக்செல் 2016 முதல் இந்த வழியில் பூட்டிய கோப்பு 256 பிட் ஏஇஎஸ் என்ற முறையில் மறையாக்கம் செய்யப்படுவதால், அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி உருமாற்றப்படுவதால், ஜிப் என்று பெயர் மாற்றினாலும் அது பிரியாது. பழைய எக்ஸ்எல்எஸ் (.xls) வடிவக் கோப்புகள் கைவசம் இருந்தால் புதிய வடிவத்தில் சேமித்துவிட்டுப் பூட்டுங்கள். 2003 வரையிலான பதிப்புகள் இயல்பாகப் பயன்படுத்திய 40 பிட் மறையாக்கத்தை இன்றைய கணினிகள் எளிதில் உடைத்துவிடும்.

பூட்டு எவ்வளவு உறுதியானாலும், நிறுவனத்தின் பெயரோடு ஆண்டைச் சேர்த்துக் கடவுச்சொல் வைத்தால் ஊகிப்பவருக்கு வேலை மிச்சம். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து வையுங்கள்; பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை எக்செல் கவனிக்கும். மறந்துவிட்டால் மைக்ரோசாஃப்டாலும் மீட்டுத் தர முடியாது என்பதால், கடவுச்சொற்களைப் பத்திரமாகச் சேமிக்கும் செயலியான கடவுச்சொல் மேலாளரில் அதைப் பதிந்து வைப்பது நல்லது. கோப்பு போகும் மின்னஞ்சலிலேயே கடவுச்சொல்லையும் எழுதி அனுப்புகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அதைத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

[திரையில்: 'டவுன்லோட்ஸ்' கோப்புறை]

பூட்டாத பழைய நகல் இதோ இங்கே கிடக்கிறது. இதை நீக்கி, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டு, பூட்டிய கோப்பை ஒருமுறை மூடித் திறந்து, கடவுச்சொல் கேட்கிறதா என்று பார்த்த பிறகு அனுப்புங்கள்.