கடவுள் என்று நம்பியா தோற்றார்கள்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மெக்சிகோவின் அஸ்டெக் பேரரசு வீழ்ந்தது நம்பிக்கையாலா, பகையாலா என்பது இன்றைய தலைப்பு. பகையால்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு கதை சொன்னார். கிழக்கே போன கெட்சால்கோவாட்ல் என்ற கடவுள் திரும்பி வருவார் என்று அந்த மக்கள் காத்திருந்தார்களாம். 1519-இல் ஸ்பானியத் தளபதி கோர்டெஸ் கரையிறங்கியதும் மன்னர் மொக்டெசூமா அவரையே அந்தக் கடவுள் என்று நம்பிக் கும்பிட்டுவிட்டாராம். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் கோர்டெஸ் 1520-இல் தம் அரசருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் அந்தக் கடவுளின் பெயரே இல்லை. கிழக்கே போன ஒரு பழைய தலைவரைப் பற்றி மொக்டெசூமா பேசினார் என்கிறார். தலைவர் என்கிறார், கடவுள் என்று சொல்லவில்லை. தற்பெருமையில் சளைக்காத மனிதர். தம்மைக் கடவுளாக வணங்கியிருந்தால் அதை எழுதாமல் விட்டிருப்பாரா? அந்தக் கதை முழுவடிவம் பெற்றது பல ஆண்டுகள் கழித்து, பாதிரியார்களின் மேற்பார்வையில் எழுதப்பட்ட ஏடுகளில். ஜெயித்தவர்களுக்கு மிகவும் வசதியான கதை, ஐயா அது!

1520 மே மாதத்தில், ஏரி நடுவே இருந்த அஸ்டெக் தலைநகர் டெனோச்டிட்லானில், கோயில் திருவிழாவில் ஆடிக்கொண்டிருந்த பிரபுக்களை, ஊருக்குள் தங்கியிருந்த கோர்டெஸின் துணைத்தளபதி ஆல்வராடோவின் வீரர்கள் வெட்டிச் சாய்த்தார்கள். ஊரே திரண்டு எழுந்தது. ஜூன் 30 இரவு ஸ்பானியர்கள் பிணங்களைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பிறகு முற்றுகை வந்தபோது, பறித்த ஸ்பானிய வாள்களை நீண்ட கழிகளில் கட்டிக் குதிரைகளைக் குத்தினார்கள் நகரத்தவர்கள். படகுகளை மடக்க ஏரிக்கடியில் கூர்முளைகளை நட்டார்கள். கடவுளை எதிர்த்தா முளை நடுவார்கள்?

எதிரிகளைக் கொல்லாமல் பலிக்காக உயிரோடு பிடிக்கப் பார்த்தார்கள், அதனால்தான் கோர்டெஸே ஒருமுறை தப்பினார் என்று எதிரணியில் ஒருவர் சொன்னார். உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தப்பிய கோர்டெஸுக்குப் பின்னால் நின்ற படை யாருடையது?

கடற்கரையில் டோட்டோனாக் மக்களிடம் மொக்டெசூமாவின் வரி அதிகாரிகள் ஐந்து பேர் வந்தபோது, கோர்டெஸ் தூண்டிவிட, அவர்களைப் பிடித்துக் கட்டிப்போட்டார்கள் அந்த ஊர்க்காரர்கள். வரிக்கொடுமை அப்படி! அஸ்டெக்குகளுக்கு அடங்காத ட்லாஸ்கலா நாட்டுக்கோ உப்பும் பருத்தியும் போகாமல் அஸ்டெக்குகள் வழியை அடைத்திருந்தார்கள். உப்பில்லாமல் சாப்பிட்டவன் மறப்பானா? ஏரிப்போருக்கான 13 படகுகளின் மரங்களை மலை தாண்டிச் சுமந்து வந்தவர்கள் ட்லாஸ்கலாவின் ஆயிரக்கணக்கான சுமைதூக்கிகள். அவை பூட்டப்பட்டது டெஸ்கோகோவில். அது அஸ்டெக் கூட்டணியின் பழைய பங்காளி நகரம்! முற்றுகையில் ஸ்பானியர்கள் சில நூறு பேர், உள்ளூர்ப் படையினர் பல்லாயிரம்.

பெரியம்மைதான் கொன்றது என்பார்கள். மொக்டெசூமாவுக்குப் பின் வந்த அஸ்டெக் மன்னர் குயிட்லாவாக் அதில்தான் இறந்தார். ட்லாஸ்கலாவின் மூத்த தலைவர் மாஷிஷ்காட்சினும் அதிலேயேதான் இறந்தார். நோய் இரண்டு பக்கமும் வந்தது, நடுவர் அவர்களே. டெனோச்டிட்லானைச் சுற்றி வளைக்க ஆள் வந்தது ஒரு பக்கம்தான்.

அந்த ஜூன் தோல்விக்குப் பிறகு கோர்டெஸ் காயங்களோடு ட்லாஸ்கலாவில்தான் அடைக்கலம் புகுந்தார். அங்கே அஸ்டெக் தூதர்கள் வந்தார்கள்: பழையதை மறப்போம், சேர்ந்து இவர்களை ஒழிப்போம் என்றார்கள். ட்லாஸ்கலாவின் படைத்தலைவர் இளைய ஷிகோடென்காட்ல் சரி என்றார். மாஷிஷ்காட்சின் மறுத்தார். அன்று அந்தச் சபை சம்மதித்திருந்தால் ஸ்பானியர்களில் ஒருவராவது மிஞ்சியிருப்பாரா? சபை மறுத்தது. எந்த நம்பிக்கையால் மறுத்தது என்று எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் சொல்லட்டும்.