மிட்டாய் அல்ல, மருந்து

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தோட்டங்கள் சூழ்ந்த நம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மருந்தாளராகப் பணியாற்றியவள் என்ற முறையில், சிகரெட்டைக் கைவிட உதவும் மருந்துகளைப் பற்றிப் பேச அழைக்கப்பட்டிருக்கிறேன்.

செம்பனைக் குலை வெட்டும் பெரியவர் ஒருவர், நிக்கோட்டின் சூயிங்கம் பெட்டியை என் முன்னால் வைத்து, "மிஸ்ஸி, இது நமக்கு ஒத்து வரல, விக்கல்தான் வருது" என்றார். (மிஸ்ஸி என்றால் தாதி. தோட்டத்து மக்களுக்கு மருந்தாளரும் மிஸ்ஸிதான்.) விசாரித்தபோது, விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்குப் போகும் முன் ஒட்டுக்கடையில் பாலில்லாத கோப்பி ஓ குடித்துக்கொண்டே, பிள்ளைகள் மிட்டாயை மெல்வதுபோல் அதை விடாமல் மென்றிருக்கிறார் என்று தெரிந்தது. இந்த மருந்து கன்னத்தின் உட்புறம் வழியாகத்தான் இரத்தத்தில் சேர வேண்டும். உமிழ்நீரோடு விழுங்கினால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் மிஞ்சும். காரம் போன்ற விறுவிறுப்பு நாக்கில் தெரியும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைத்து, விறுவிறுப்பு அடங்கியதும் மீண்டும் மெல்ல வேண்டும். இப்படியே அரை மணி நேரம். கோப்பியும் புளிப்பான பானங்களும் வாயில் மருந்து உறிஞ்சப்படுவதைக் கெடுப்பதால், மெல்வதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே தண்ணீரைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

நஞ்சை விடுவதற்கு அதே நஞ்சா என்று கேட்பவர்கள் உண்டு. அடிமையாக்குவது நிக்கோட்டின், ஆனால் நுரையீரலையும் இதயத்தையும் பெரும்பாலும் அழிப்பது புகையிலுள்ள தாரும் கார்பன் மோனாக்சைடும் பிற நச்சுகளும்தான். புகையை இழுத்த சில விநாடிகளில் நிக்கோட்டின் மூளையை எட்டிவிடுகிறது. தோலில் ஒட்டும் பட்டையோ அதை நாள் முழுவதும் மெதுவாகக் கசியவிடுகிறது. ஏக்கம் தணிகிறது, இழுத்தவுடன் வரும் அந்த ஏற்றம் கிடைப்பதில்லை.

என் அனுபவத்தில் பலர் தோற்பது மன உறுதி இல்லாததால் அல்ல, மருந்தைக் குறைவாகவும் குறுகிய காலத்துக்கும் பயன்படுத்துவதால்தான். எழுந்த 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கு 2 மில்லிகிராம் சூயிங்கம் போதாது, 4 மில்லிகிராம் வேண்டும். நாளுக்குப் பத்துக்கு மேல் புகைப்பவர் வழக்கமாக 21 மில்லிகிராம் பட்டையை ஆறு வாரம் ஒட்டி, அதன்பின் 14, 7 என்று இரண்டிரண்டு வாரங்களில் இறங்குவார். பட்டையோடு சூயிங்கத்தையும் சேர்த்துக்கொள்வது, ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நல்ல பலன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. வெயிலில் குலை வெட்டுகிறவருக்குப் பட்டை வியர்வையில் கழன்றுவிடுவது உண்மையான தொல்லைதான். குளித்துத் துடைத்து, ஈரம் முழுக்கக் காய்ந்தபின், முடியில்லாத மேல்கையிலோ மார்பிலோ ஒட்டிப் பத்து விநாடி உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள், நாளுக்கு ஓர் இடமாக மாற்றுங்கள்.

வாரெனிக்லின் என்னும் மாத்திரை நிக்கோட்டின் அல்ல. சிகரெட்டை விடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே சிறிய அளவில் தொடங்கி, மொத்தம் 12 வாரம் உட்கொள்ள வேண்டும். குமட்டலும் விசித்திரக் கனவுகளும் வரலாம். சாப்பிட்டபின் ஒரு குவளை நீருடன் விழுங்கினால் குமட்டல் குறையும். அது மனநிலையைக் கெடுக்கும் என்ற அச்சம் நெடுநாள் இருந்தது. 2016இல் வெளியான, எட்டாயிரம் பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வில், பட்டையையோ வெற்று மாத்திரையையோவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடுதல் பாதிப்பு காணப்படவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் அளவு மாறலாம் என்பதால், மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பூப்ரோப்பியான் என்ற இன்னொரு மாத்திரை, வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆகாது.

பலரும் அறியாத ஒரு செய்தியும் உண்டு. புகையிலுள்ள பொருள்கள் உடலில் காஃபீனை விரைவாகக் கரைத்துவிடுகின்றன. சிகரெட்டை நிறுத்தியதும், வழக்கமான அதே நான்கு கோப்பை கோப்பி உடலில் நெடுநேரம் தங்கி, படபடப்பையும் தூக்கமின்மையையும் கொடுக்கிறது. பழி மருந்தின் மேல் விழுகிறது. அந்தப் பெரியவரிடம் கோப்பியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். சிகரெட்டை விடச் சொன்னபோது மறுக்காதவர், இதற்கு மட்டும் என்னிடம் வெகுநேரம் வாதாடினார்.