இஸ்மவேலை ஏன் ராகேல் வந்து தூக்கணும்?

நண்பர்களே, அமெரிக்க எழுத்தாளர் மெல்வில் எழுதுன மோபி டிக், 1851ல வந்த நாவல். முதல் அத்தியாயத்துல முதல் வரியே, கதை சொல்றவன், என்ன இஸ்மவேல்னு கூப்பிடுங்கங்கறதுதான். அப்பா பேரு, குடும்பம், ஒண்ணும் சொல்லல. சொல்லவே வேணாம், அன்னிக்கு அமெரிக்காவுல பைபிள் வாசிச்சு வளர்ந்தவங்களுக்கு ஆதியாகமம் 21 உடனே கண்ணு முன்னாடி வந்துரும். ஆபிரகாம் அடிமைப்பெண் ஆகாரையும் அவகிட்ட தனக்குப் பொறந்த புள்ள இஸ்மவேலையும் அப்பமும் ஒரு துருத்தி தண்ணியும் கொடுத்து அனுப்பிடுறார், வனாந்தரத்துல தண்ணி தீந்துபோகுது, புள்ள சாகுறத பாக்க முடியாம ஒரு செடிக்கடியில விட்டுட்டு அம்பு பாயுற தூரம் தள்ளிப் போயி உக்காந்து அழறா.

அப்புறம் இஸ்மவேல் வேலைக்குச் சேர்ற திமிங்கல வேட்டைக் கப்பலோட கேப்டன் ஆகாப். பைபிள்ல அதே பேருள்ள ராஜா தீர்க்கதரிசி சொன்னத கேக்காம யுத்தத்துக்குப் போயி, எவனோ குறி வைக்காம எய்த அம்புல சாகுறான். நாவல்ல இஸ்மவேலே கேக்குறான், அந்த ராஜா செத்தப்ப நாய்ங்க ரத்தத்த நக்குச்சுல்லன்னு. கப்பலோட பங்குதாரர் பெலேக் பதறிப்போயிடுறார், அந்தப் பேரு கேப்டனா வச்சுக்கல, அவரு கைக்குழந்தையா இருக்கப்பவே செத்துப்போன அம்மா வச்சது, இத கப்பல்ல வச்சு பேசிடாதங்கறார். எனக்கு அந்த எடம் ரொம்ப வலிக்கும். பெத்தவ வச்ச பேரு, கடைசில ஆகாப் தான் எறிஞ்ச ஹார்பூன்ங்கற திமிங்கல ஈட்டியோட கயிறே கழுத்துல சுத்தி ஆள கொண்டுபோயிடுது. நடுவுல, பைபிள்ல அந்த ராஜாவ எச்சரிச்ச தீர்க்கதரிசியோட பேருலயே, எலியான்னு ஒருத்தன் துறைமுகத்துல நின்னு எச்சரிக்கவும் செய்றான்.

ஆனா என்ன அசர வச்சது ராகேல்தான். ராகேல்ங்கறது ஒரு கப்பல். பைபிள்ல எரேமியா புத்தகத்துல புள்ளைங்களுக்காக ஆறுதல் அடையாம அழற அதே ராகேல். அந்தக் கப்பல் கேப்டன் காணாமப்போன மகன தேட 48 மணி நேரம் உதவி பண்ணுங்கன்னு ஆகாப்கிட்ட கெஞ்சுறார், ஆகாப் மாட்டேங்கறார். கடைசில ஆகாபோட கப்பலே முழுகி, சவப்பெட்டிய புடிச்சு மெதக்குற இஸ்மவேல தூக்குறது அந்த ராகேல்தான். கொஞ்சம் யோசிங்க, யாருக்காக இஸ்மவேல வீட்ட விட்டு அனுப்புனாங்களோ ஆபிரகாமோட இன்னொரு மகனான அந்த ஈசாக்கோட மருமக ராகேல்! வெளிய தள்ளுன குடும்பமே வந்து தூக்குற மாதிரிதான் எனக்குத் தோணுது.

இதுல பெரிய கொடுமை, லண்டன்ல முதல்ல வந்த பதிப்புல அந்தக் கடைசிப் பகுதியே விட்டுப்போச்சு. எல்லாரும் செத்துட்டா கதை சொல்றவன் எப்படி பொழைச்சான்னு விமர்சகர்கள் கேட்டாங்க. ராகேல் வந்து தூக்குனத அவங்க படிக்கவே இல்ல.