அழாத பிள்ளைக்கும் பால் வேண்டும்

(காவலர் வீரவணக்க நாளன்று, காவலர் பயிற்சிப் பள்ளி ஒன்றில், அங்கே பயின்று பணியில் உயிர்நீத்தவர்களின் பெயர்ப்பலகைத் திறப்பு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்.)

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களே, இந்தப் பள்ளியின் முதல்வர் அவர்களே, துணை முதல்வர் அவர்களே, கவாத்து ஆசிரியர்களே, வெயில் என்றும் பாராமல் வந்திருக்கும் ஓய்வுபெற்ற அதிகாரிகள் சங்கத்துப் பெரியவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குடும்பத்தினரே, இப்போது பயிற்சியில் இருக்கும் தம்பிகளே, தங்கைகளே, எல்லோருக்கும் என் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டு ஒரு மேடையில் வட்டாட்சியரை விட்டுவிட்டார்கள். நன்றியுரை முடியும்வரை அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

கண்காணிப்பாளர் அய்யா அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. இன்று மூன்று நிகழ்ச்சிகள் இருந்தும் இதற்கு வந்திருக்கிறார். நானும் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன்தான். அவர் மாவட்டத்தைக் கண்காணிப்பவர், நான் அலுவலகத்தில் ஃபைலைக் கண்காணித்தவன். சல்யூட் அவருக்கு, தூசி எனக்கு. பொன்னாடை போர்த்திய முதல்வர் அவர்களுக்கும் நன்றி.

மூன்று விஷயங்கள் பேசலாம் என்று குறித்து வந்திருக்கிறேன். இந்த நாள் எப்படி வந்தது என்பது ஒன்று. இந்த மைதானத்தில் கற்ற பயிற்சி களத்தில் எப்படிக் கைகொடுக்கிறது என்பது இரண்டாவது. இறந்தவர் வீட்டில் மறுநாள் காலை என்ன நடக்கிறது என்பது மூன்றாவது. என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் எதில் போய் நிற்பேன் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

அக்டோபர் 21 எதற்காக என்று தம்பிகளுக்குப் பாடத்தில் சொல்லியிருப்பார்கள். 1959ஆம் ஆண்டு. லடாக்கில் 15,000 அடிக்கு மேலே ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற இடம். அன்றைக்கு அந்த எல்லையில் காவல் நின்றது மத்திய ரிசர்வ் போலீஸ். அக்டோபர் 20ஆம் தேதி மூன்று குழுக்கள் ரோந்து போயின. இரண்டு திரும்பின. இரண்டு காவலர்களும் ஒரு சுமைதூக்கியும் இருந்த மூன்றாவது குழு திரும்பவில்லை. மறுநாள் கரம் சிங் என்ற அதிகாரி சுமார் இருபது பேரோடு அவர்களைத் தேடிப் புறப்பட்டார். மலைமேல் இருந்த சீனப் படை சுட்டது. பத்துப் பேர் இறந்தார்கள். உடல்கள் நம் கைக்கு வந்தது நவம்பர் 13ஆம் தேதி. அடுத்த ஆண்டு ஜனவரியில் கூடிய காவல்துறைத் தலைவர்கள் மாநாடு இந்த நாளை நாடு முழுவதும் கடைப்பிடிக்க முடிவு செய்தது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த இருபது பேர் போனது சண்டைக்கு அல்ல. திரும்பி வராத மூன்று பேரைத் தேடித்தான் போனார்கள். வராதவனைத் தேடிப் போவது இந்தத் துறையின் ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் அவன் இறந்துவிட்டான் என்று தெரிந்த பிறகு அவன் வீட்டைத் தேடிப் போகிறோமா? அங்கேதான் என் பேச்சு வந்து நிற்கிறது.

டெல்லி சாணக்கியபுரியில் தேசிய காவலர் நினைவிடம் 2018இல் திறந்தார்கள். 30 அடி உயரத்தில் ஒற்றைக் கருங்கல், 238 டன். சுவரில் அன்றைக்கு 34,844 பெயர்கள். அந்தச் சுவரில் எல்லா எழுத்தும் ஒரே அளவுதான். ஆனால் வெளியே அப்படி இல்லை. மும்பைத் தாக்குதலில் துப்பாக்கிக் குழலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குண்டுகளை வாங்கிய துக்காராம் ஓம்ப்ளேவைத் தெரியும். களியக்காவிளை சோதனைச்சாவடியில் 2020 ஜனவரி 8ஆம் தேதி சுட்டுக்கொல்லப்பட்ட சிறப்பு எஸ்.ஐ. வில்சனைத் தெரியும். ஆடு திருடர்களை விரட்டிப்போய் 2021 நவம்பரில் வெட்டுப்பட்டு இறந்த நவல்பட்டு பூமிநாதனைத் தெரியும். அரசும் அவர் குடும்பத்துக்கு ஒரு கோடி ரூபாய் அறிவித்தது. கொடுக்க வேண்டியதுதான், ஒரு பைசா குறைக்கக் கூடாது. ஆனால் 1991இல் ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் இறந்த காவலர்களில் எஸ்.பி. முகமது இக்பால், இன்ஸ்பெக்டர் ராஜகுரு, இப்படி ஓரிரு பெயருக்கு மேல் நம்மில் யாரால் சொல்ல முடியும்? இன்று திறந்த பலகையிலேயே பாருங்கள். பாதிக்கு மேல் சாலை விபத்து, மாரடைப்பு, காய்ச்சல். அவர்களுக்காக எந்தத் தொலைக்காட்சியும் வரவில்லை.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். அரசு அலுவலகங்களில் இதைச் சட்டம்போல எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். எந்த மாவட்டம், எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். (சிரிப்பு)

ஒரு முதல்நிலைக் காவலர். தேர்த் திருவிழா பந்தோபஸ்து முடிந்து விடிகாலையில் பைக்கில் திரும்பியவர், சாலையோரம் விளக்கில்லாமல் நின்ற லாரியின் பின்னால் மோதி இறந்துவிட்டார். எத்தனை மணி நேரம் கண்விழித்திருந்தார் என்பது ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பில் இருக்கும், ஃபைலில் இருக்காது. மனைவி சின்ன வயது. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. கூட வந்தவர் மாமனார், அவரும் ஓய்வு பெற்ற ஏட்டு. வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை, பைக்குள் இறப்புச் சான்று, பிரேதப் பரிசோதனை அறிக்கை, எஃப்.ஐ.ஆர். நகல், வாரிசுச் சான்று, எல்லாம் வரிசையாக. ஏட்டு அடுக்கினால் அப்படித்தான் இருக்கும்.

பிரிவில் இருந்த உதவியாளர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். நிறுத்தினார். மருமகள் பெயரில் பணிப் பதிவேட்டில் 'ல' இருக்கிறது, ரேஷன் கார்டில் 'ள' இருக்கிறது. "இது ஒத்துப்போகலையே" என்றார். "தப்பா எழுதிட்டாங்க போல, திருத்திக்கலாமுங்களா?" என்று கேட்டார் ஏட்டையா. "பதிவேட்டில் திருத்தணும்னா சம்பந்தப்பட்ட பணியாளர் எழுதிக் கொடுக்கணும். அதான் விதி."

ஏட்டையா ஒரு நிமிடம் பேசவில்லை. கோபப்படவும் இல்லை. உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டேதான் இருந்தார். பிறகு, மேலதிகாரியிடம் பேசுகிற அதே குரலில், "சரிங்கய்யா, கூட்டிட்டு வர்றேன். என்னைக்கு வரச் சொல்லட்டும்?" என்றார்.

நம் ஆள் தலையை நிமிர்த்தவே இல்லை. "திங்கக்கிழமை வரச் சொல்லுங்க. அன்னைக்குத்தான் நான் சீட்ல இருப்பேன்."

நான் பக்கத்துப் பிரிவில் இருந்தேன். டைப் அடித்துக்கொண்டிருந்த அம்மா கையை எடுத்துவிட்டார். யாரோ அந்த உதவியாளரின் தோளைத் தொட்டு, "யாரை வரச் சொன்னீங்கன்னு ஃபைலைப் பாருங்க" என்றார்கள். பார்த்தார். எழுந்து நின்றார். அவர் கெட்டவர் இல்லை, மூன்று பேர் வேலையை ஒருவராகப் பார்த்துக்கொண்டிருந்தவர். எழுந்து நின்று என்ன பயன்? விதி உட்கார்ந்தே இருந்தது. இரண்டு பெயரும் ஒருவரே என்று தாசில்தாரிடம் சான்று வாங்கி வரச் சொன்னார்கள். தாலுகா ஆபீஸ் போனால் வி.ஏ.ஓ. தேர்தல் வேலையில் இருந்தார். அவர் வந்ததும் வருவாய் ஆய்வாளர் மாறுதலில் போய்விட்டார். இதற்கிடையில் அவர்கள் இருந்த போலீஸ் குடியிருப்பு வீட்டைக் காலிசெய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. அதில் மட்டும் பெயர் சரியாக இருந்தது. (கைதட்டல்)

குடும்ப ஓய்வூதியம் கடைசியில் வந்தது. வேலை வரவில்லை. கருணை அடிப்படையில் வேலை கேட்பவர்கள் இறப்புத் தேதியிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஏட்டையாவின் காலத்து விதி அவருக்குத் தெரியும், இந்த விதி தெரியாது. மருமகளிடம் சொல்ல ஆளே இல்லை. பதிவேட்டில் திருத்தம் வரட்டும், அப்புறம் மனுப் போடலாம் என்று காத்திருந்தார்கள். ஒரு எழுத்துக்காகக் காத்திருந்து கெடுவைத் தாண்டிவிட்டார்கள். அந்தக் குடும்பம் ஒருநாளும் சத்தம் போடவில்லை, மறியல் செய்யவில்லை, பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடவில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், இவர்கள் வரிசையில் நின்றார்கள்.

நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்று முதல்வர் கையைக் காட்டுகிறார். இரண்டாவது விஷயமான பயிற்சியைப் பற்றிக் கவாத்து ஆசிரியர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் லத்தியைப் பிடித்தது ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்க மட்டும்தான். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். காலையில் துப்பாக்கிகளைத் தலைகீழாகத் திருப்பி, தலைகுனிந்து நின்றீர்களே, அத்தனை பேர் கையும் ஒரே நொடியில் திரும்பியது. ஒரு பிசிறு இல்லை. இறந்தவருக்குக் காட்டும் மரியாதையில் இவ்வளவு துல்லியம் முடிகிறது என்றால், அவருடைய காகிதத்தில் ஏன் முடியாது? அதற்கும் ஒத்திகை பார்த்தால் முடியும்.

நான் பத்து வருடமாகக் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை, பணமும் அதிகம் வேண்டாம். ஒரு காவலர் இறந்த அன்றே, இன்னார் இந்தக் குடும்பத்துக்குப் பொறுப்பு என்று அமைச்சுப் பணியாளர், அதாவது என்னைப் போன்ற அலுவலக ஊழியர், ஒருவரின் பெயரை எழுத்தில் போடுங்கள். காரியம் முடிந்த மறுநாள் அவர் படிவங்களோடு வீட்டுக்குப் போக வேண்டும். அந்த அம்மா கையெழுத்துப் போட்டால் போதும், தாலுகா ஆபீஸுக்கு நடப்பது அவர் வேலை. மூன்று ஆண்டுக் கெடு என்று முடிகிறது என்பதை முதல் நாளே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கெடுவுக்குள் பதினெட்டு வயது நிரம்பாத குழந்தைக்கு வாய்ப்பே போய்விடுகிறது என்பதையும் மேலிடத்துக்கு எழுத வேண்டும். இரண்டு வயதில் அப்பாவை இழந்த பிள்ளை ஐந்து வயதில் வேலை கேட்க முடியுமா?

அப்புறம், தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒன்று. ஆண்டுக்கு ஒரு முறை உங்கள் பணிப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கல்யாணம் ஆனால் மனைவி பெயர் அல்லது கணவர் பெயர், குழந்தை பிறந்தால் குழந்தை பெயர், நாமினேஷன், எல்லாம் ஆதாரில் இருக்கிறபடியே, எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருபத்திரண்டு வயதில் இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். இந்தப் பலகையில் இருக்கிறவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். அக்டோபர் 21ஆம் தேதி கவாத்து முடிந்ததும் பதிவேடு சரிபார்ப்பு என்று இந்தப் பள்ளி ஒரு வழக்கத்தை ஆரம்பித்தால், மற்ற பள்ளிகள் தானாகப் பின்பற்றும்.

கண்காணிப்பாளர் அய்யா அவர்களே, அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பதால் இந்த மேடையில் நானே கொஞ்சம் அழுதுவிட்டேன். மனுவைத் தட்டச்சு செய்து கொண்டுவந்திருக்கிறேன். இரண்டே பக்கம். முதல் பக்கத்தில் கோரிக்கைகள். இரண்டாம் பக்கத்தில், இந்த மாவட்டத்தில் தீர்வு கிடைக்காமல் நிற்கும் குடும்பங்களின் விவரம், எனக்குத் தெரிந்தவரை. அவர்களில் இரண்டு பேர் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். சாப்பாட்டுக்குப் போவதற்கு முன் அய்யா அவர்களிடம் ஐந்து நிமிடம் பேசச் சம்மதிக்க வேண்டும். பதிவேட்டு நகல்களும் அவர்கள் பையிலேயே இருக்கின்றன.

வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.