பின்வாசல் வீரர்கள் சார்பில்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நடுவரின் கை மணிமேலேயே இருக்கிறது, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நிகழ்நேரப் போர் வியூக விளையாட்டுகளில் எதிரியின் கவனத்தைத் திருப்பி ஜெயிப்பது திறமையா, குறுக்குவழியா? திறமையே என்று பேச வந்திருக்கிறோம். எதிரணி அண்ணன் என்ன சொல்லிவிட்டு உட்கார்ந்தார்? "நேருக்கு நேர் மோதத் துப்பில்லாதவர்கள், பின்வாசல் வீரர்கள்" என்றார். கைதட்டலும் வாங்கினார். தட்டியவர்களை எல்லாம் பார்த்து வைத்திருக்கிறேன்.

அவருக்கு அப்புறம் வருகிறேன். முதலில் 2019 ஜனவரிக்குப் போவோம். ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற கணினிப் போர் விளையாட்டை ஆட, கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம் உருவாக்கிய செயற்கை நுண்ணறிவு ஆல்ஃபாஸ்டார். இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்களை ஆளுக்கு ஐந்து ஆட்டம் வீதம் தோற்கடித்து, 10-0 என்று நிற்கிறது. அந்த இருவரில் ஒருவர் போலந்துக்காரர் மானா. ஐந்து அடி வாங்கிய அதே மனுஷன், நேரலையில் ஆறாவது ஆட்டத்துக்கு உட்கார்கிறார். இந்த முறை எதிரே ஆல்ஃபாஸ்டாரின் வேறொரு பதிப்பு. நம்மைப் போலவே திரையை நகர்த்தித்தான் பார்க்க வேண்டும்.

மானா என்ன செய்தார்? வார்ப் பிரிசம் என்று ஒரு பறக்கும் வண்டி. அதில் இம்மார்ட்டல் என்ற போர் இயந்திரங்கள் இரண்டை ஏற்றி எதிரியின் பேஸுக்குள், அதாவது வீட்டுக்குள், அனுப்பினார். ஆல்ஃபாஸ்டாரின் படை மானாவை முடித்துக்கட்டக் கிளம்பியிருக்கிறது. வீட்டில் ஏதோ சத்தம். மொத்தப் படையும் திரும்பி ஓடி வருகிறது. வண்டி இறக்கியதை ஏற்றிக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. சரி போய்விட்டான் என்று படை மறுபடி கிளம்புகிறது. வண்டி மறுபடி வருகிறது. படை மறுபடி திரும்புகிறது. போகிறது, வருகிறது, போகிறது, வருகிறது! நடுவர் அவர்களே, நாலு பேரைக் காவலுக்கு விட்டுவிட்டு மற்றவன் போடா என்று சொல்ல அந்த மகா மூளைக்குத் தோன்றவில்லை. அது நடந்துகொண்டே இருந்த நேரத்தில் மானா நிதானமாகப் படை திரட்டி, நேராகப் போய் ஜெயித்தார். கவனியுங்கள் அண்ணே, கடைசியில் முன்வாசல் வழியாகத்தான் போனார்!

இப்போது அந்தப் 'பின்வாசல்' பேச்சுக்கு வருவோம். முன்வாசலில் நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள்? பங்கர் என்ற காவல் அரண் கட்டி, மேட்டின்மேல் தூரத்திலிருந்தே சுடும் சீஜ் டேங்க் நிறுத்தி, வா என்று கூப்பிடுகிறீர்கள். நான் நெஞ்சை நிமிர்த்தி வந்து சாக வேண்டும், அதற்குப் பெயர் வீரம். பின்னால் ஒரு ஆள்கூடக் காவலுக்கு நிறுத்தாமல் விட்டது உங்கள் தப்பு, உள்ளே வந்தது என் குற்றமா?

சும்மாவும் வரவில்லை. மெடிவாக் என்ற ஆள் ஏற்றும் பறக்கும் வண்டி ஒன்றுக்கு விலை 100 மினரல், 100 கேஸ்; இந்த ஆட்டத்தில் அவைதான் காசு. உள்ளே மரீன் என்ற சிப்பாய்கள் எட்டுப் பேர், தலைக்கு 50 மினரல். ஆக 500 மினரலைத் தூக்கி எதிரி வீட்டில் போடுகிறேன். மினரல் வெட்டும் உங்கள் ஒர்க்கரும் தலைக்கு 50தான்; பத்து ஒர்க்கரைக் கொன்றால்தான் மினரல் கணக்கே நேராகும். ஒன்றைக்கூடக் கொல்லாவிட்டாலும் உங்கள் பெரும்படை திரும்பிப் பார்த்ததா, அங்கே என் வேலை முடிந்தது. ஆனால் எனக்கும் இருப்பது ஒரே திரை, இரண்டே கண். இப்படி வண்டியில் ஆள் இறக்குவதற்குப் பெயர் டிராப்; அது போன இடத்தில் என்ன ஆகிறது என்று ரெண்டு நொடி ரசித்துப் பார்த்தேன் என்றால், மறுமுனையில் பேன்லிங் என்ற வெடிக்கும் பூச்சி உருண்டு வந்து என் பெரும்படையைக் கரைத்துவிடும். அடுத்தவன் கண்ணைத் திருப்புகிறவன் தன் கண்ணையும் கட்டிக் காக்க வேண்டும். இதுவா குறுக்குவழி?

நிஜப் போரில் மட்டும் என்ன வாழ்ந்தது? இரண்டாம் உலகப் போரில், 1944இல் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்குமுன் நேச நாடுகள் காற்றடைத்த டேங்குகளைக் காட்டி, இல்லாத படையை இருப்பதாக நம்பவைத்தன. இறங்கிய பிறகும் ஜெர்மானியர் வேறொரு கரையான கலே பக்கம் பெரும்படையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்களிடமும் போய்ச் சொல்லுங்கள், பின்வாசல் என்று.

மணியைத் தொடுகிறார் நடுவர். தலைப்பை விடுங்கள், அந்த எட்டு மரீனைப் பற்றி ஒரு வார்த்தை. டிராப் போகிறவன் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. அவன்மேல் குண்டு விழும் நேரத்தில்தான் மற்றவர்கள் தப்பிப் போகிறார்கள்.

சின்ன வயதில் ஒரு சாயங்காலம், அப்பா என் மதிப்பெண் அட்டையைக் கேட்டார். நான் நடுங்கிக்கொண்டு நிற்கிறேன். உள்ளே படாரென்று சத்தம். அப்பாவின் ரேடியோவை அக்கா கீழே போட்டிருந்தாள். அடி அவளுக்கு, திட்டு அவளுக்கு, ராத்திரி முழுக்க அழுகையும் அவளுக்கு. என் அட்டையை எல்லோரும் மறந்தே போனார்கள். ரேடியோ கை தவறி விழவில்லை என்பது, அவள் கல்யாணமாகிப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எதிரணி அண்ணே, அவளையும் பின்வாசல் என்று சொல்லிப் பாருங்களேன். இதோ, முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நன்றி, வணக்கம்.