அங்கவடியில் சிக்கிய கால்

நேயர்களுக்கு வணக்கம்.

கௌபாய் படம் என்றதும் தொப்பியும் துப்பாக்கியுமாக ஓர் ஆண்தான் நம் நினைவுக்கு வருவார். பெண்களுக்கு அங்கே இரண்டே வேலை: மதுக்கடையில் பாடுவது, அல்லது வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வது. இந்த இரண்டிலும் அடங்காதவர் ஹாலிவுட் நடிகை பார்பரா ஸ்டான்விக்.

இயற்பெயர் ரூபி ஸ்டீவன்ஸ். 1907இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். நான்கு வயதில் தாயை இழந்தார். பனாமா கால்வாய் வேலைக்குப் போன தந்தை திரும்பவேயில்லை. அக்காள் மேடையில் ஆடுகிறவர். அவரைப் பார்த்துப் பார்த்தே ஆட்டம் கற்ற ரூபி, பதினைந்து பதினாறு வயதில் நியூயார்க்கின் புகழ்பெற்ற மேடைக் குழுவான சீக்ஃபெல்டு குழுவின் நடன வரிசையில் இடம் பிடித்துவிட்டார். 1926இல் நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேயில் நாடகம் ஒன்றில் வேடம் கிடைத்தது. என்ன வேடம்? நடனக்காரிதான்! புதுப் பெயர் வந்ததும் அப்போதுதான். பழைய நாடக விளம்பரம் ஒன்றில் இருந்த தலைப்பில் பாதியையும் நடிகையின் பெயரில் பாதியையும் சேர்த்து ஒட்டிய பெயர் அது.

1935இல் துப்பாக்கி வீராங்கனை ஆனி ஓக்லியாக நடித்தார். 1939இல் ரயில் பாதை போடும் கதையான 'யூனியன் பசிபிக்'. ஆனால் நான் சொல்ல வந்தது 1957இல் சாமுவேல் ஃபுல்லர் இயக்கிய 'ஃபார்ட்டி கன்ஸ்' பற்றி. தொடக்கத்தில் வண்டியில் மூன்று சகோதரர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். எதிரே புழுதி. வெள்ளைக் குதிரையில் கறுப்பு உடையணிந்த ஒரு பெண் பாய்ந்து வருகிறார்; பின்னால் நாற்பது ஆண்கள். வண்டியின் இருபுறமும் வெள்ளம்போல் பிரிந்து போகிறார்கள். ஒருவரும் அவரை முந்துவதில்லை.

பின்னர் சூறாவளிக் காட்சி. சேணத்தில் கால் வைக்கும் வளையமான அங்கவடியில் கால் சிக்கி, குதிரை அவரைத் தரையோடு இழுத்துப் போக வேண்டும். பழகிய சண்டைக் கலைஞர்களே ஆபத்து என்று மறுத்த காட்சி. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஸ்டான்விக் தானே செய்தார். முதல் முறை சரியாக அமையவில்லை. மறுபடியும் செய்தார். மூன்றாவது முறைதான் இயக்குநருக்குத் திருப்தி. உடலெங்கும் சிராய்ப்பு.

இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? நடன வரிசையிலிருந்துதான் என்பது என் ஊகம். அங்கே ஒருத்தி தடுமாறினால் வரிசையே குலைந்துவிடும். விழுந்தாலும் தாளம் தப்பாமல் எழுந்தாக வேண்டும்.

அறுபதை நெருங்கும் வயதில், 'தி பிக் வேலி' தொலைக்காட்சித் தொடரில் பண்ணைக்காரத் தாயாக வந்து எம்மி விருது வாங்கினார். ஆஸ்கருக்கு நான்கு முறை பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்காமல், 1982இல்தான் கௌரவ விருதாகக் கொடுத்தார்கள். அந்தத் தாமதத்தை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

1990 ஜனவரியில் இறந்தார். சாம்பலைக் கலிபோர்னியாவின் லோன் பைன் பகுதியில் தூவினார்கள். அவர் குதிரையேறி நடித்த பாறை நிலம் அது.