தண்ணீர் செதுக்கிய உருவம்: 25ஆம் வகுப்பு நீராவி இஞ்சின்

(டர்பனில் தமிழ் அன்பர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர்க்கு வணக்கம். 1860 ஜூன் 26 அன்று துறைமுகப் பகுதியான பாயிண்ட்டிலிருந்து டர்பனுக்கு இந்தத் தென்னாப்பிரிக்க நாட்டின் முதல் ரயில் ஓடியது. அதே ஆண்டு நவம்பர் 16 அன்று நம் முன்னோரை ஏற்றிய ட்ரூரோ கப்பல் மெட்ராஸிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது. பிறகு டர்பனை உள்ளடக்கிய நேட்டாலின் ரயில்வேயிலும் நம் ஒப்பந்தக் கூலிகள் உழைத்தார்கள். அதனால் ரயிலைப் பற்றிப் பேசுவது நமக்குச் சொந்த வீட்டுப் பேச்சுதான்.

நேட்டாலில் மழைக்குக் குறைவில்லை. மேட்டில் ஏறுவதுதான் பாடு. நாட்டின் வறண்ட உள்பகுதியான கரூவில் அப்படியல்ல. அங்கே இஞ்சினுக்குத் தண்ணீர் கிடைப்பதே அரிது, கிடைப்பதும் உப்புநீர். அந்த நீரைக் கொதிக்கவைத்தால் பாய்லர் குழாய்களில் கல் போன்ற உப்புக் காறை படியும். காறை படிந்த குழாயில் சூடு சரியாக ஏறாது, நிலக்கரிதான் வீணாகும். இதற்காகத்தான் 1953 முதல் 1955 வரை 25ஆம் வகுப்பு என்ற ரகத்தில் 90 இஞ்சின்கள் வந்தன. ஒன்றை ஜெர்மனியின் ஹென்ஷல் கட்டியது. மற்ற 89ஐயும் கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் கட்டியது.

சாதாரண இஞ்சினில், வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியாகச் சீறி வெளியேறும். அந்தச் சீற்றமே அடுப்புக்குள் காற்றை இழுத்து நெருப்பை வளர்க்கிறது. 25ஆம் வகுப்பிலோ அந்த நீராவியை வெளியே விடுவதில்லை. போகும் வழியில் ஓர் எண்ணெய் பிரிப்பான் அதிலுள்ள எண்ணெயை நீக்கும். சிலிண்டர் எண்ணெய் பாய்லருக்குள் போய்ப் படிந்தால் தகடு சூடேறிக் கெட்டுவிடும். அந்த நீராவி பாய்லரின் முன்பக்கப் புகைப்பெட்டியில் ஒரு டர்பைனைச் சுழற்றும். அதோடு சேர்ந்த விசிறிதான் காற்றை இழுக்கும். அங்கிருந்து பின்னால், கரியும் நீரும் சுமக்கும் வண்டியான டெண்டருக்குப் போய், பக்கத்துக்கு எட்டு ரேடியேட்டர்களில் குளிர்ந்து மீண்டும் நீராகும். டெண்டரின் கூரையில் ஐந்து பெரிய விசிறிகள் காற்றை ஓட்டும். அந்த நீர் முழுதும் ஆறிப்போகாமல் சூட்டோடு பாய்லருக்குத் திரும்பும். அதனால் நிலக்கரியிலும் மிச்சம். தண்ணீர்ச் செலவோ 90 சதவீதம் வரை குறைந்தது.

அதன் தோற்றத்தை இப்போது பாருங்கள். முகத்தில் விசிறி அறை புடைத்து நிற்கும், டெண்டர் இஞ்சினைவிட நீளம், மொத்தம் சுமார் 107 அடி. அழகுக்காக எவரும் அப்படி வரையவில்லை. தண்ணீர் சேமிக்க வேண்டிய கட்டாயம்தான் அதன் ஒவ்வொரு கோட்டையும் வரைந்தது. என் கண்ணுக்கு அதுவே பேரழகு. ஓடும்போது 'சிக்கு புக்கு' கிடையாது, டர்பைனின் ஊளைச் சத்தம் மட்டும்தான்.

கெட்டது எது? புகைப்பெட்டி விசிறிதான். அடுப்பிலிருந்து பறந்து வரும் சாம்பலும் கரித்துகளும் விசிறி இலைகளை உப்புத்தாள் போல் தேய்த்துக்கொண்டே இருக்கும். இலை தேய்ந்தால் காற்று இழுப்பு குறையும், நெருப்பு மந்தமாகும், நீராவி அழுத்தம் இறங்கும். அடிக்கடி இலை மாற்ற வேண்டியிருந்தது. பராமரிப்புச் செலவு ஏறியது. டீசலும் மின்சாரமும் வந்த பின் இத்தனை பாடுபடத் தேவையும் இல்லாமல் போனது. 1973க்கும் 1980க்கும் இடையில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் விசிறியை எடுத்துவிட்டுப் புகைபோக்கி வழி ஊதும் பழைய முறையை வைத்தார்கள். ரேடியேட்டர்களைக் கழற்றிய டெண்டரில் நீண்ட தண்ணீர்த் தொட்டி ஏறியது.

இதன் உடன்பிறப்பு 25NC; NC என்றால் 'நான்-கண்டென்சிங்', நீராவியைக் குளிர்வித்து நீராக்காதது. குளிர்விக்கும் கருவி இல்லாமலே 50 இஞ்சின்கள் கட்டப்பட்டன. சட்டகம் முழுதும் ஒரே வார்ப்பு எஃகு. அச்சுகளில் எல்லாம் ரோலர் பேரிங். கரி தள்ள எந்திர ஸ்டோக்கர். ஐந்தடி விட்டச் சக்கரங்கள். சட்டகத்தில் தளரும் போல்ட்டும் இல்லை, அச்சு சூடேறி நடுவழியில் நிற்பதும் அரிது. கிம்பர்லி–டி ஆர் பாதையில் 1980களிலும் கனத்த சரக்கு இழுத்ததற்கு இந்த உறுதியே காரணம்.

அந்த 50இல் ஒன்றுதான் 3450ஆம் எண் இஞ்சின். கேப்டவுனின் சால்ட் ரிவர் பட்டறையில் 1981இல் பொறியாளர் டேவிட் வார்டேல் அதைத் திருத்திக் கட்டினார். அடுப்பின் அடியில் போகும் காற்றைக் குறைத்து, மேலே கூடுதலாகக் காற்று விட்டார். அடியில் கொஞ்சம் நீராவியும் கலந்ததால் சாம்பல் உருகிக் கட்டியாகவில்லை. புகைபோக்கியையும் இரட்டையாக்கினார். நிலக்கரியில் 28 சதவீதம், தண்ணீரில் 30 சதவீதம் மிச்சம். சிவப்பு வர்ணம் பூசிய அந்த இஞ்சினுக்கு 'ரெட் டெவில்' என்று பெயர் நிலைத்தது.

குளிர்விக்கும் டெண்டரோடு எஞ்சியது 25ஆம் வகுப்பின் 3511ஆம் எண் இஞ்சின் ஒன்றுதான்; கிம்பர்லியில் அதைக் காத்து வைத்தார்கள். அதைக் காண வாய்த்தால் முகப்பைப் படம் எடுத்ததோடு திரும்பிவிடாதீர்கள். டெண்டரின் பக்கவாட்டில் நின்று ரேடியேட்டர் வரிசையைப் பாருங்கள். நீராவி மறுபடி தண்ணீரான இடம் அதுதான்.